பம்பாயில் பிறந்த நட்சத்திரம்

நண்பரொருவர் வீட்டு விசேஷத்தை முன்னிட்டு நாம் ஒடுகத்தூர் சென்றிருந்தபோது, ஆம்பூர்ச் செருப்புத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் இளைஞர் சிலர் நம்மைச் சூழ்ந்துகொண்டனர். கூலி விவகாரமோ தேர்தல் விவகாரமோ பேசுவார்கள் என்று எதிர்பார்த்தோம். அவர்களுடைய விவாதமோ முற்றிலும் வேறாயிருந்தது. அமெரிக்க சினிமாக்காரர்கள் வருஷந்தோறும் வழங்கும் ஆஸ்கார் பரிசுக்குப் பெயர் குறிக்கப்பட்ட நடிகைகளுள் யார் சிறந்தவர் என்பதே அவர்களுக்குள் எழுந்த வழக்கு. ஒருவர் கட்சிக்கு மற்றவர் இணங்கவில்லை. கடைசியில், வக்கீலாயிற்றே, நீங்களே மத்தியஸ்தம் செய்யுங்கள் என்று நம்மிடம் விட்டுவிட்டனர். இவ்வருஷத்து நட்சத்திரங்களைப் பற்றித் தீர்ப்பளிக்க நாம் அருகரல்லேம் என்று ஒப்புக்கொண்டு, அவர்களிடம் வேறொரு கேள்வியைக் கேட்டோம். அப்பரிசுக்குப் பிரதான நடிகையாகப் பெயர் குறிக்கப்பட்டவர்களில் இந்திய மண்ணில் பிறந்த இந்திய வம்சத்துப் பெண் எவரேனும் உண்டா என்பதே அக்கேள்வி. ஒருவரும் விடை சொல்லவில்லை. அவ்விடையை ஈண்டு எழுதுகிறோம்.

அப்பெண்ணின் பெயர் மெர்ல் ஓபெரான். 1936-ஆம் வருஷத்திலேயே அவருக்கு அந்தக் கௌரவம் கிட்டியது. அதை அப்போது ஒரு இந்தியப் பத்திரிகையும் கொண்டாடவில்லை. கொண்டாடாததில் ஆச்சரியமுமில்லை, அவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டாஸ்மேனியாத் தீவில் வெள்ளைக்காரப் பெற்றோருக்குப் பிறந்தவர் என்றே உலகம் நம்பியிருந்தது. அவ்விதம் நம்பும்படி செய்தவர்களுள் முதல்வர் அந்த அம்மையே ஆவார்.

உண்மை வேறு. 1911-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 19-ந் தேதி பம்பாயில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் எஸ்டெல் மெர்ல் ஓ'பிரையன் தாம்ஸன். வீட்டில் அழைத்த பெயர் குவீனி. தந்தை பிரிட்டனிலிருந்து ரயில்வே இஞ்சினியராக வந்தவர். முதல் மகாயுத்தத்தின்போது மாண்டுபோனார். வளர்த்தவள் சார்லட் ஸெல்பி என்னும் ஸ்திரீ. அவள் இலங்கையில் பிறந்த கலப்பு வம்சத்தவள். நியூஜீலாந்து தேசத்து மாவோரி ரத்தமும் அவளிடம் இருந்ததென்பர். அவளைத் தேயிலைத் தோட்டத்து மேஸ்திரியான வெள்ளைக்காரர் ஒருவர் சிறு பிராயத்திலேயே தாயாக்கினார். அவ்விதம் பிறந்த மகள் கான்ஸ்டன்ஸ். பதினைந்து வயது நிரம்புமுன் அந்தக் கான்ஸ்டன்ஸும் ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள். அக்குழந்தையே மெர்ல். ஊர் வாயை அடைப்பதற்காகப் பாட்டி தாயானாள், தாய் தமக்கையானாள்.

இங்கே சட்டம் படித்தவர்கள் ஒரு விஷயத்தை நினைவு கூர வேண்டும். பெண்ணின் சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்திய சட்டம் 1891-இல் இயற்றப்பட்டது. அதை ஆதரித்தவர்களைத் தேசத் துரோகிகள் என்று தூஷித்தவர்களில் நம் பெரியோர் சிலரும் இருந்தனர். அவ்வளவு தாழ்ந்த வயதே மெர்ல் பிறந்த காலத்திலும் சட்டமாயிருந்தது. தோட்டத்துத் துரையையும் ரயில்வேத் துரையையும் வைது தீர்ப்பது நமக்கு எளிது. அவர்களுக்கு இடங்கொடுத்த சட்டத்தை மாற்றவிடாமல் கூச்சலிட்டவர்கள் நம்மிலும் இருந்தனர் என்பதை மறைப்பது நேர்மையாகாது.

1917-இல் சார்லட் குழந்தையுடன் கல்கத்தா சென்றாள். லா மார்ட்டினியர் என்ற பிரசித்தி பெற்ற பள்ளியில் பெண்ணுக்கு உபகாரச் சம்பளத்தோடு இடம் கிடைத்தது. ஆனால் அங்கே படித்த வெள்ளைக்காரப் பெண்கள் அவளுடைய பிறப்பைச் சொல்லி ஏசினர். ஏச்சுத் தாளாமல் பள்ளியை விட்டு நின்றாள். எஞ்சிய படிப்பு வீட்டிலேயே நடந்தது. பின்னர் டெலிபோன் ஆபரேட்டராக வேலை பார்த்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் கல்கத்தா நாடகச் சபையில் நடிக்கத் தொடங்கினாள்.

அக்காலத்து யூரேஷியர் நிலையை இளைய நேயர்கள் அறிந்திருக்க நியாயமில்லை. கிளப்பில் வெள்ளையர் அவர்களைச் சேர்க்கமாட்டார்கள். வீட்டில் நம்மவர் அவர்களைச் சேர்க்கமாட்டார்கள். ரயில்வே, தந்தி, சுங்கம் ஆகிய இலாகாக்களில் சில உத்தியோகங்கள் மட்டும் அவர்களுக்கென்று விடப்பட்டிருந்தன. அவ்வகுப்பிலும் நிறம் வெளுத்தவர்கள் வெள்ளையராகக் கடந்துவிட முயல்வர். கறுத்தவர்கள் பின்தங்கி நிற்பர். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளுள்ளே இந்தப் பிரிவினை நேர்ந்ததுண்டு.

இதே சமயத்தில் இதே தேசத்தில் வேறொரு டெலிபோன் ஆபரேட்டரும் சினிமாவில் புகுந்தார் என்பதைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. பூனாவில் யூத குலத்தில் பிறந்த ரூபி மையர்ஸ் என்ற அப்பெண் சுலோசனா என்ற ஹிந்துப் பெயரைச் சூடி, மௌனப் படக் காலத்தில் நம் ஜனங்களின் உள்ளத்தைக் கவர்ந்தார். 1973-இல் நமது சர்க்காரின் தாதாசாகேப் பால்கே விருதையும் பெற்றார். 1925-இல் வெளிவந்த புத்தர் சரித்திரப் படத்தில் கோபாவாக நடித்த சீதாதேவியும் உண்மையில் ரெனீ ஸ்மித் என்ற ஆங்கிலோ-இந்தியப் பெண்ணே. குலப் பெண்கள் காமிராவின் முன் நிற்கக் கூசிய அந்நாளில், வேறு குலத்துப் பெண்கள் நமது புராணப் பெயர்களை அணிந்து வந்து நமது தேவிகளாக நடித்தனர். வெளுத்த நிறத்தை விரும்பி நாமும் அதை ஏற்றோம். ஆகவே, மெர்ல் மட்டுமே வேஷம் போட்டார் என்று நினைப்பது தவறு. மற்றவர்கள் இந்தியப் பெயரை அணிந்து இந்தியாவில் பிழைத்தனர். இவர் வெள்ளைப் பெயரை அணிந்து ஐரோப்பாவில் பிழைக்கப் போனார்.

கல்கத்தாவில் அறிமுகமான ஒரு நடிகர் மெர்லிடம் பிரியங்கொண்டிருந்ததாகவும், சார்லட்டின் கறுத்த முகத்தைக் கண்டதும் விலகிவிட்டதாகவும் வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். விலகும்போது பிரான்ஸ் தேசத்தில் படமெடுக்கும் ஒரு நண்பருக்குச் சிபாரிசு செய்வதாக வாக்களித்தாராம். அந்த வாக்கை நம்பி 1920-களின் இறுதியில் மெர்லும் சார்லட்டும் கப்பலேறினர். பின்னர் லண்டனில் காபே டி பாரி என்ற விடுதியில் விருந்தினரை உபசரிக்கும் வேலை. பகலில் படங்களில் கூட்டத்தில் ஒருவராக நிற்கும் வேலை. இவ்விதம் சில வருஷங்கள் கழிந்தன.

பின்னர் அலெக்ஸாண்டர் கோர்டாவின் கண்ணில் பட்டார். கோர்டா ஹங்கேரியில் பிறந்த யூதர். தாமும் பெயரை மாற்றிக்கொண்டு லண்டனில் படத்தொழில் நடத்தியவர். ஓ'பிரையன் என்ற பெயர் ஓபெரான் என்று திரிந்தது அவர் காலத்தில்தான். டாஸ்மேனியாக் கதை பிறந்ததும் அப்போதே. யோசித்துப் பார்த்தால் அது மிகச் சாமர்த்தியமான தேர்வு என்பது விளங்கும். உலகப் படத்தின் மூலையில் உள்ள தீவு. பிரிட்டிஷ் ராஜ்யத்தைச் சேர்ந்தது. லண்டனிலோ அமெரிக்காவிலோ அவ்வூரார் அதிகம் இல்லை. சென்று விசாரிப்பாரும் இல்லை. பொய்ச் சாட்சி சொல்லப் பழகிய கட்சிக்காரர்கள்கூட இவ்வளவு சுருக்கமான பொய்யைக் கண்டுபிடிப்பது அரிது.

எட்டாம் ஹென்றியைப் பற்றி 1933-இல் கோர்டா எடுத்த படத்தில் ஆன் போலீனாகச் சிறிது நேரமே தோன்றினார். அதுவே போதுமானதாயிற்று. மறுவருஷம் லெஸ்லி ஹோவர்டுடன் ஸ்கார்லட் பிம்பர்னல். அதற்கடுத்த வருஷம் அமெரிக்கப் பிரவேசம். ஸாமுவேல் கோல்ட்வின் தயாரித்த டார்க் ஏஞ்சல் என்ற 1935-ஆம் வருஷத்துப் படமே அவரைப் பரிசுப் பட்டியலில் ஏற்றியது.

அக்கதையை இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிடலாம். யுத்தத்தில் கண்ணிழந்த ஒருவன், தன்னை நேசித்த பெண்ணுக்குப் பாரமாயிருக்க விரும்பாமல், இறந்தவன் போல் ஒதுங்கி வாழ்கிறான். அவள் தேடி வரும்போது, அறையில் எந்தப் பொருள் எங்கே இருக்கிறதென்று முன்னதாக மனப்பாடம் செய்துகொண்டு, கண்ணுள்ளவன் போலவே நடித்து அவளை அனுப்பிவிடப் பார்க்கிறான். படத்தில் மறைப்பவன் ஆண். அதைக் கண்டுபிடிப்பவள் மெர்ல். நிஜத்தில் ஒவ்வொரு பொருளும் எங்கே இருக்கிறதென்று மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு உலகத்தின் முன் நடந்தவர் யார் என்பதை இன்று நாம் அறிவோம். அந்த அறிவோடு அக்காட்சியைப் பார்க்கும்போது நெஞ்சு சற்று கனக்கத்தான் செய்கிறது.

1936-ஆம் வருஷம் மார்ச் 5-ந் தேதி லாஸ் ஏஞ்ஜல்ஸ் நகரத்துப் பில்ட்மோர் ஹோட்டலில் பரிசளிப்பு நடந்தது. தொழிலாளர் இயக்கத்தில் ஈடுபட்ட நேயர்களுக்கு ஒரு தகவல்: அவ்வருஷத்து வைபவத்தை நடிகர் சங்கமும் எழுத்தாளர் சங்கமும் பகிஷ்கரித்தன. பரிசளிக்கும் அக்காடமி முதலாளிகளின் கருவி என்பது அவர்கள் குற்றச்சாட்டு. டட்லி நிக்கல்ஸ் என்ற எழுத்தாளர் தமக்கு அளித்த பரிசை வேண்டாமென்று திருப்பிவிட்டார். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் சங்கம் வைத்துப் போராடியவர்களுக்கு இச்செய்தி ருசிக்குமென்று நம்புகிறோம்.

பிரதான நடிகைக்கு அவ்வருஷம் ஆறு பெயர்கள். எலிஸபெத் பெர்க்னர், கிளாடெட் கோல்பெர்ட், பெட்டி டேவிஸ், காதரின் ஹெப்பர்ன், மிரியம் ஹாப்கின்ஸ், மெர்ல் ஓபெரான். பரிசு டேஞ்சரஸ் படத்துக்காக டேவிஸுக்குச் சென்றது. முந்திய வருஷம் அதைவிடச் சிறந்த நடிப்புக்கு அவருக்கு நியாயம் செய்யத் தவறியதற்குப் பரிகாரமே இது என்று அப்போதே பேச்சு. டேவிஸும் அவ்வாறே எண்ணினார். ஹெப்பர்னுக்கே கிடைத்திருக்க வேண்டுமென்பது அவர் கருத்து. ஒடுகத்தூர் இளைஞர் நமது அபிப்பிராயத்தைக் கேட்டதால் சொல்கிறோம்: நாமும் டேவிஸ் கட்சியே. சிற்றூர்க் குடும்பத்துப் பெண் ஒருத்தி பெரிய வீட்டு விருந்தில் தன் வறுமையை மறைக்கப் படும் பாட்டை ஆலிஸ் ஆடம்ஸ் படத்தில் ஹெப்பர்ன் காட்டியிருப்பது போல் வேறொருவர் காட்டி நாம் கண்டதில்லை. மெர்லின் நடிப்பு அழகானது, அடக்கமானது. ஆயினும் அதில் எப்போதும் ஒரு ஜாக்கிரதை தெரிகிறது. ஒரு வார்த்தை தவறினால் வீடு இடிந்து விழும் என்று அஞ்சுகிறவருடைய ஜாக்கிரதை அது. தேசாபிமானத்தை உத்தேசித்து நடிப்பைப் பற்றிய நமது மதிப்பைக் கூட்டிச் சொல்வது அவருக்கும் கௌரவமாகாது.

அவர் ஏன் அஞ்சினார் என்பதை அக்காலத்துச் சட்டங்களைப் பார்த்தால் அறியலாம். இந்தியாவை உள்ளிட்ட ஆசியாக் கண்டத்தின் பெரும்பகுதியிலிருந்து குடியேறுவதை 1917-ஆம் வருஷத்து அமெரிக்கச் சட்டம் தடுத்தது. அமெரிக்கச் சேனையில் சேவை செய்த பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியர் பிரஜா உரிமை கோரியபோது, அவர் வெள்ளையரல்லர் என்று 1923-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்னரே பிரஜைகளாக ஏற்கப்பட்டிருந்த இந்தியர் பலருடைய உரிமையும் அதனால் பறிபோயிற்று. 1946-இல்தான் அந்தக் கதவு சற்றே திறந்தது. அதுவும் வருஷத்துக்கு நூறு இந்தியருக்கு மட்டும். இவை போதாவென்று, படத்தயாரிப்பாளர்கள் தாங்களே வகுத்துக்கொண்ட ஒழுக்கவிதிகள் 1934 முதல் கண்டிப்பாக அமலுக்கு வந்தன. வெள்ளையரும் கறுப்பரும் காதலிப்பதாகக் காட்டலாகாது என்பது அவ்விதிகளுள் ஒன்று. ஆசிய நடிகையர் விஷயத்திலும் முதலாளிகள் ஏறக்குறைய அதே கண்ணோடு நடந்தனர். லாஸ் ஏஞ்ஜல்ஸிலேயே பிறந்த சீன வம்சத்து நடிகை அன்னா மே வாங் எவ்வளவோ ஆசைப்பட்டும், சீனக் குடியானவரின் கதையான குட் எர்த் படத்தில் கதாநாயகி வேஷம் அவருக்குக் கிடைக்கவில்லை. நாயகன் வேஷம் வெள்ளையருக்கென்று தீர்மானமாயிருந்தது. ஆகவே நாயகியும் வெள்ளைக்காரியாகவே இருக்க நேர்ந்தது. அவ்வேஷம் புனைந்த லூயிஸ் ரெய்னருக்குப் பரிசும் வந்தது. கறுப்பரான ஹாட்டி மக்டானியல் 1940-இல் உபநடிகைப் பரிசு பெற்றார். ஆனால் அவ்விருந்தில் அவருக்கு மற்ற நடிகர்களோடு ஆசனமில்லை. சுவரோரத்தில் தனி மேஜை.

இதனைப் படித்தபின், பம்பாயில் பிறந்தேன், என் பாட்டி இலங்கைக்காரி என்று மெர்ல் உரைத்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

கோர்டாவின் செய்கையிலுள்ள முரண்பாடும் கவனிக்கத்தக்கது. மைசூர் ராஜ்யத்தில் யானைப்பாகர் குடும்பத்துச் சிறுவனான ஸாபுவை 1937-இல் எலிபன்ட் பாய் படத்தின் மூலம் உலகத்துக்கு அறிமுகப்படுத்தியவரும் அவரே. ஸாபுவுக்கு இந்தியனாயிருப்பதே சரக்கு. தலைப்பாகையும் யானையும் இன்றி அவனுக்கு வேஷமில்லை. மெர்லுக்கோ இந்தியப் பிறப்பே விஷம். ஒரே கடையில் ஒரே முதலாளி ஒரு சரக்கின் ஊர்ப்பெயரைப் பெரிதாக எழுதி விற்றார். மற்றொன்றின் ஊர்ப்பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டு விற்றார். 1938-இல் அவர் எடுத்த டிரம் என்ற படம் நமது எல்லைப்புறத்து ஜனங்களை இழிவுபடுத்துகிறதென்று பம்பாயில் பெருங்கிளர்ச்சி எழுந்து படம் நிறுத்தப்பட்டது. அப்படத்தின் முதலாளியை மறு வருஷம் மணந்த நட்சத்திரம் அதே பம்பாயில் பிறந்தவர் என்பதைக் கிளர்ச்சி செய்தவர்களில் ஒருவரும் அறியார்.

வட ஆற்காட்டுப் பிரதேசத்து நேயர்களுக்கு இந்த வியாபார முறை புதிதன்று. நமது தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து, மயிரும் சதையும் நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றில் பதனிட்டு, மூட்டைகட்டி லண்டனுக்கு அனுப்பிய காலமொன்று உண்டு. அங்கே சாயமும் மெருகும் ஏற்றி ஆங்கிலத் தோலாக அதிக விலைக்கு விற்றனர். இன்றும் இங்கே தைத்த ஜோடுகள் அந்நியக் கம்பெனிகளின் முத்திரையோடு உலகத்துக் கடைவீதிகளில் இருக்கின்றன. தோலின் பிறப்பிடத்தை மறைப்பதில் தோலுக்குச் சம்பந்தமில்லை. வாங்குகிறவன் மனப்பான்மையே காரணம்.

1939-ஆம் வருஷத்தில் மெர்ல் தமது புகழின் உச்சியை எட்டினார். எமிலி பிராண்டியின் நாவலான வதரிங் ஹைட்ஸ் படமாயிற்று. வில்லியம் வைலர் டைரக்டர், லாரன்ஸ் ஒலிவியர் ஹீத்கிளிஃப், மெர்ல் காதி. மூலக்கதையில் ஹீத்கிளிஃப் எங்கிருந்தோ வந்த கறுத்த அனாதை. அவன் இந்தியக் கப்பற்காரன் பிள்ளையாயிருக்கலாமென்று ஒரு கதாபாத்திரம் சந்தேகிப்பதும் உண்டு. படத்திலோ, சர்ரேயில் பிறந்த ஆங்கிலேயர் அந்தக் கறுத்தவனாக நடித்தார். பம்பாயில் பிறந்த பெண், அவனை மணப்பது தன் அந்தஸ்துக்குக் குறைவென்று எண்ணும் வெள்ளைக்காரியாக நடித்தார். அப்படத்துக்கு எட்டுப் பிரிவுகளில் பெயர் குறிக்கப்பட்டது, ஒலிவியருக்கும் உண்டு, மெர்லுக்கு மட்டும் இல்லை. இம்முறை தீர்ப்பில் பிழை நேர்ந்ததென்பது நமது துணிபு. டார்க் ஏஞ்சலைவிட இதில் அவர் நடிப்பு எவ்வளவோ உயர்ந்தது. அந்தஸ்துக்கும் அன்புக்கும் நடுவே கிழிபடும் அப்பெண்ணின் வேதனையில், நாம் முன்னே சொன்ன ஜாக்கிரதை ஓரிரு இடங்களில் உடைந்துபோகிறது.

அவ்வருஷத்துப் பரிசைப் பெற்றவர் விவியன் லீ. அவரும் இந்தியாவில், டார்ஜிலிங்கில், 1913-இல் பிறந்தவர் என்பது விசித்திரமான தற்செயல். அவர் அதை ஒருபோதும் மறைக்கவில்லை. மறைக்க அவசியமும் இல்லை. இந்தியாவில் பிறந்த துரைசானி என்பது ஓர் அலங்காரமேயன்றிக் குறையன்று. இருவருடைய ஜன்ம தேசமும் ஒன்று, இடையே உள்ள வருஷங்களும் இரண்டே; ஒருவர் சொல்லிக்கொண்டார், மற்றொருவர் சாகும்வரை சொல்லவில்லை. இதைக் காட்டிலும் தெளிவான சாட்சியம் எந்த வழக்கிலும் நமக்குக் கிடைத்ததில்லை.

இனி, மனத்துக்கு ஒவ்வாத பகுதிக்கு வருகிறோம். லண்டனில் மெர்லின் வீட்டிலேயே சார்லட் வசித்து வந்தாள். விருந்தினர் வரும்போது அவளை வேலைக்காரியென்று கருதும்படி விட்டுவிட்டனர். அவள் புடவையோடு ஆயாவாக நின்றாள் என்று எழுதுவோரும் உளர். 1937-இல் அவள் காலமானாள். பன்னிரண்டு வருஷங்களுக்குப் பின், 1949-இல், ஒரு பழைய புகைப்படத்தைக் கொடுத்து அவளுடைய உருவத்தை மெர்ல் வர்ணச் சித்திரமாகத் தீட்டச் செய்தார். நிறத்தை மட்டும் வெளுப்பாகத் தீட்டும்படி ஓவியரிடம் கட்டளையிட்டார். அந்தப் படம் அவர் சென்ற வீடுகளிலெல்லாம் சுவரில் தொங்கிற்று.

தம் முகத்தையும் அவர் சும்மா விடவில்லை. வெளுப்பதற்கென்று பூசிய சாமான்களாலும் ஒரு மருந்தின் ஒவ்வாமையாலும் 1940-இல் அவர் சருமம் கெட்டது. நியூயார்க்கில் வைத்தியம் செய்துகொண்டும் வடுக்கள் முழுதும் மறையவில்லை. அதற்கு முன்னரே 1937-இல் லண்டனில் மோட்டார் விபத்தொன்றில் முகத்தில் காயம்பட்டிருந்தது. அப்போது எடுத்துக்கொண்டிருந்த கிளாடியஸ் சக்கரவர்த்தியின் படமும் அதோடு நின்றுபோயிற்று. பின்னாளில் அவரை மணந்த லூஸியன் பல்லார்டு என்ற ஒளிப்பதிவாளர், காமிராவின் பக்கத்தில் ஒரு சிறு விளக்கைப் பொருத்தி வடு தெரியாமல் செய்தார். மெர்லின் பெயரைக் கொண்டே அவ்விளக்குக்கு ஓபி என்று பெயர் வழங்கியது. அது தொழிலில் நிலைத்தும்விட்டது. 1942-இல் கோர்டாவுக்கு ஸர் பட்டம் கிடைத்தபோது மெர்ல் லேடி கோர்டாவானார். அம்மணம் 1945-இல் முறிந்தது. பிற்காலப் படங்களையும் மற்ற மணங்களையும் விஸ்தரிப்பதில் பயனில்லை. மெக்ஸிகோவில் பெருஞ்செல்வராகிய ஒரு தொழிலதிபரின் மனைவியாகப் பல வருஷம் வாழ்ந்தார் என்று சொன்னால் போதும்.

இந்த அம்மையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த நம் தேசபக்தர் சிலருக்குத் தோன்றலாம். பெற்ற தேசத்தை மறுத்தவள், வளர்த்தவளை வேலைக்காரியாக்கியவள் என்பது குற்றப்பத்திரிகை. முதற்குற்றத்துக்கு நாம் எதிர்வாதம் செய்யத் தயார். அவர் மறுத்த தேசம் அவரை எப்போது தன் மகளென்று ஏற்றது? பள்ளியில் ஏசியவர்கள் வெள்ளையர்தாம். ஆனால் நமது தெருக்களில் யூரேஷியருக்கு நாம் இட்ட பட்டப்பெயர்கள் அவ்வேச்சுக்கு இளைத்தவையல்ல. அதுவும் போகட்டும். தோல் ஷாப்பில் வேலை பார்ப்பவர் பெண் பார்க்கப் போகுமிடத்தில் கம்பெனி உத்தியோகம் என்று சொல்லிக்கொள்வதை நமது ஜில்லாவில் கேட்டதில்லையா? நகரத்தில் வாடகைக்கு வீடு தேடும் படித்த வாலிபர், தாம் பிறந்த சேரியின் பெயரை விழுங்கிவிட்டுப் பக்கத்து ஊரின் பெயரைச் சொல்வதில்லையா? சொந்த தேசத்திலேயே டாஸ்மேனியாவைத் தேடிக்கொள்ளும்படி லட்சோபலட்சம் பேரை வைத்திருப்பவர்கள் நாம். மெர்லை நோக்கிக் கல்லெறிய நம் கைகளுக்கு யோக்கியதை கிடையாது.

இரண்டாவது குற்றத்துக்கு நாம் வாதாட முன்வரவில்லை. சார்லட் அதற்குச் சம்மதித்தாள் என்று சொல்லலாம். மகளாக வளர்த்தவளுக்காக எதையும் சகித்தாள் என்றும் சொல்லலாம். ஆயினும் கோர்டாவின் மனைவியாகிச் செல்வமும் செல்வாக்கும் பெற்ற பிறகு, இறந்துபோனவளின் படத்திலேனும் அவள் நிறத்தை விட்டுவைத்திருக்கலாம். அதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை; 1949-இல் இந்தியா சுதந்திர தேசமாகவும் ஆகிவிட்டிருந்தது.

1978-இல் டாஸ்மேனியாவின் தலைநகரான ஹோபார்ட்டில், ஊரின் புகழ்பெற்ற புதல்வியை வரவேற்க நகரத் தலைவர் ஒரு வைபவம் ஏற்பாடு செய்தார். அவரைத் தங்கள் ஊரிலே குழந்தையாகக் கண்டதாகச் சொல்லும் வயோதிகர்களும் அங்கே இருந்தனர். பொய் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது. மெர்ல் அங்கே சென்றார். வைபவத்தில் நிற்கவொண்ணாமல் உடல்நலக் குறைவென்று சொல்லி விலகிக்கொண்டார். மறுவருஷம் நவம்பர் 23-ந் தேதி கலிபோர்னியாவில் பக்கவாதத்தால் காலமானார்.

1983-இல் வெளிவந்த ஒரு சரித்திர நூலே பம்பாய்ப் பிறப்பை உலகறியச் செய்தது. 2023-இல் மலேசியாவில் பிறந்த மிஷெல் யோ பிரதான நடிகைப் பரிசு பெற்றபோது, ஆசிய வம்சத்தவர் என்று தம்மை வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டவர்களில் பெயர் குறிக்கப்பட்ட முதல் நடிகை அவர் என்று பத்திரிகைகள் வார்த்தைகளை அளந்து எழுதின. அந்த அளவுக்குக் காரணம் மெர்லே. 2025-இல் மயூக் ஸென் என்ற வங்காள வம்சத்து எழுத்தாளர் அவருடைய வாழ்க்கையை விரிவாக எழுதி வெளியிட்டிருக்கிறார். இங்கிலீஷ் வாசிக்கும் நேயர்கள் தேடிப் படிக்கலாம்.

ஆனால் பாட்டிதான் தாயென்றே 1983-ஆம் வருஷத்து நூலும் எழுதியது. கான்ஸ்டன்ஸுக்குப் பின்னர் வேறு நான்கு குழந்தைகள் பிறந்திருந்தன. அவர்களில் ஒருவர் பம்பாய் சர்க்கார் தஸ்தாவேஜுகளில் மெர்லின் பிறப்புப் பதிவைத் தேடி எடுத்தார். தாய் என்ற இடத்தில் தம் தாயின் பெயரையே கண்டார். நட்சத்திரம் தமக்குச் சகோதரி என்று அறிந்து, அவரைக் காண லாஸ் ஏஞ்ஜல்ஸ் சென்றார். மெர்ல் அவரைப் பார்க்க மறுத்துவிட்டார். பிற்பாடு நூலாசிரியர் வந்து விசாரித்தபோது, கையிலிருந்த அந்தப் பதிவைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. ஓர் ஆஸ்திரேலிய மாது இவ்விஷயமாக 2002-இல் எடுத்து முடித்த படத்துக்காகக் கேட்டபோதுதான் அதை எடுத்துக் காட்டினார்.